காவலா, தடுப்பா? பெண்கள் மீதான வன்முறையும் ஆண்களின் பொறுப்பும்

பெண் ஒருத்தி கொடுமைக்கு ஆளான செய்தி வெளிவரும்போதெல்லாம் மதுரையின் டீக்கடைப் பெஞ்சுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மூன்று பேச்சுகள் எழுகின்றன. "அவனைத் தூக்கில் போட வேண்டும்" என்பது ஒன்று. "அந்த நேரத்தில் அவள் அங்கே ஏன் போனாள்?" என்பது இன்னொன்று. மூன்றாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்: "நான் யார் மேலும் கை வைத்ததில்லை. ஆண்களின் பொறுப்பு என்று என்னிடம் ஏன் வந்து சொல்கிறீர்கள்?"

அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச நாளாக நவம்பர் 25ஐ ஐ.நா. பொதுச்சபை 1999இல் அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் 'ஆண்களின் பங்கு' என்ற சொல் மேடைகளில் ஒலிக்கிறது. அந்தப் பங்கு எது என்பதை விளக்குவோர் குறைவு. ஒன்று, கேட்கும் ஆண் அதைத் தன்மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறார். இல்லையென்றால், தங்கையையும் மகளையும் இருட்டிய பிறகு வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் பங்கு என்று முடிவு செய்கிறார். இரண்டும் தவறு. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வன்முறை என்று சட்டம் எதைச் சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, கணவனை இழந்த மருமகள், மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோருக்கும் இது பொருந்தும். வன்முறையை நான்கு வகையாக அது வரையறுக்கிறது.

1. உடல் வன்முறை. அறைவது, தள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, சூடு வைப்பது. இதை விளக்கத் தேவையில்லை.

2. பாலியல் வன்முறை. கணவன் என்ற உரிமையில் வற்புறுத்துவதும், இழிவுபடுத்துவதும் இந்தச் சட்டத்தில் வன்முறையே.

3. சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை. குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதையும், ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவதையும் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவளுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவதும் இதில் சேரும்.

4. பொருளாதார வன்முறை. நம் ஊரில் மிகப் பரவலாக நடப்பதும், வன்முறை என்றே யாரும் நினைக்காததும் இதுதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் அட்டை கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. ரகசிய எண் அவனுக்குத்தான் தெரியும். பணம் வந்த குறுஞ்செய்திகூட அவன் போனுக்குப் போகிறது. சுயஉதவிக் குழுவில் அவள் பெயரில் வாங்கிய கடனை அவன் செலவழித்துவிட, தவணை நாளில் குழுப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பவள் அவள். அவளைக் கேட்காமல் அவள் நகை அடகுக்கடைக்குப் போவதும் இந்த வகையில்தான் வருகிறது.

"நான் அடித்ததே இல்லை" என்பவர் இந்த நான்காவது வகையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

## எண்கள் சொல்வது

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்திய அளவில் சுமார் 29 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். பெண் கல்வியிலும் பெண்கள் வேலைக்குப் போவதிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இந்த வரிசையில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. படிப்பும் சம்பளமும் வந்தால் அடி தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வி உண்டு. சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ குழந்தைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது ஆகிய ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றுக்காகக் கணவன் அடிப்பது சரியா என்று கேட்டார்கள். ஏதாவது ஒன்றுக்காவது சரி என்று சொன்னவர்கள் இந்திய அளவில் ஆண்களில் 44 சதவீதம். பெண்களில் 45 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். மனைவியை அடிப்பவன் ஊர் ஒழுங்கை மீறுகிறவனாகத் தன்னைக் கருதுவதில்லை. ஊர் ஒழுங்கை வீட்டுக்குள் நடத்துகிறவனாகவே கருதுகிறான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். சாலை விதியை மீறுகிறவனை அபராதம் போட்டு மாற்றலாம், ஏனென்றால் விதி எது என்பது அவனுக்கும் தெரியும். விதியே தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவனைத் தண்டனையால் மட்டும் மாற்ற முடியாது.

மூன்றாவது எண் இன்னும் கனமானது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் முதலில் போன இடம் பிறந்த வீடு. காவல்துறையிடமோ மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ போனவர்கள் மிகக் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டுக்குப் பின்னால் வருவோம்.

## குடிதான் காரணமா?

"குடியை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெண்களே சொல்வதைக் கேட்டிருப்போம். குடிக்கும் வன்முறைக்கும் தொடர்பு இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்துப் போதையில் இருக்கும் கணவன்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் குடிக்கவே செய்யாத கணவன்களின் மனைவியரிலும் 23 சதவீதம் பேர் சந்தித்திருக்கிறார்கள். நூற்றுக்கு இருபத்து மூன்று பேர் நல்ல நிதானத்தில் அடிபட்டிருக்கிறார்கள்.

குடித்தவனைக் கவனித்துப் பாருங்கள். கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தவரை அவன் அடிப்பதில்லை. வழியில் வண்டியை நிறுத்திச் சோதனை செய்யும் காவலர் முன்னால் பணிவாக நிற்கிறான். தெருமுனையில் பெரியவர் எதிர்ப்பட்டால் வேட்டியை இறக்கிவிடுகிறான். வீட்டு வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் கை எழுகிறது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற கணக்கை போதை அழிக்கவில்லை. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் குடியை விடுகிற ஆண்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் ஏராளம். நல்ல காரியம், வீட்டுக்கு வரும் பணம் கூடும். அவளைத் திருத்துவது தன் வேலை என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருந்தால், கயிறு கட்டிய கையும் ஓங்கும்.

## மதுரையா, சிதம்பரமா?

புது மாப்பிள்ளையிடம் விளையாட்டாகக் கேட்கும் கேள்வி இது. மீனாட்சி ஆளும் ஊர் மதுரை; நடராசர் ஆளும் ஊர் சிதம்பரம். உன் வீட்டில் அவள் ஆட்சியா, உன் ஆட்சியா என்பது பொருள். அன்போடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு பதில்களுக்கு மட்டுமே இடமிருக்கிறது. ஒருவர் ஆள வேண்டும், மற்றவர் ஆளப்பட வேண்டும். இருவரும் பேசி முடிவெடுக்கும் வீட்டுக்கு அந்தக் கேள்வியில் ஊர் இல்லை. 'மதுரை' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆண் அன்று கேலிக்கு ஆளாகிறான். அந்தக் கேலிக்கு அஞ்சித்தான் பலர் வீட்டில் குரலை உயர்த்தப் பழகுகிறார்கள்.

இதே மண்ணில் பெருமையோடு ஒலிக்கும் இன்னொரு சொல் 'காவல்'. ஊர்க்காவல் வரலாறு உள்ள மண் இது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் காவல் தெய்வமாக நிற்கிறார்; வழக்கு முடியாதவர்கள் அந்தச் சன்னதிக் கதவின் முன்னால் வந்து சத்தியம் செய்கிறார்கள். எனவே பெண்களுக்கு ஆபத்து என்றதும் ஆணின் மனம் இயல்பாகக் காவலுக்கு எழுகிறது. அதில் அன்பு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், களவுக்கு எதிரான காவலில் கட்டுப்பாடு கள்ளன் மேல் விழுகிறது. பெண்களுக்கான காவலில் கட்டுப்பாடு பெண்ணின் மேலேயே விழுகிறது. டியூஷனை நிறுத்து, போனைக் காட்டு, அந்தச் சட்டை வேண்டாம், அவளோடு பேசாதே. குடும்பநலக் கணக்கெடுப்பு இதையும் அளக்கிறது: வேறு ஆண்களோடு பேசினால் கோபிப்பது, தோழிகளைப் பார்க்க விடாதது, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று கேட்பது, பணத்தில் நம்பாதது. இப்படிக் கட்டுப்படுத்தும் கணவன்களின் மனைவியரே அதிகமாக அடிபடுகிறார்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரிகிறது. காவல் என்ற பெயரில் வருவது பல நேரம் வன்முறையின் முதல் படி.

அதன் கடைசிப் படியையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. வேறு சாதியில் மணம் செய்துகொண்ட பெண்ணைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே கொல்வதைத்தான் 'ஆணவக் கொலை' என்கிறோம். உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட இணையர்களின் புகாரைப் பெற்றுப் பாதுகாப்பு அளிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அவர்களைப் பாதுகாக்க வேண்டியது யாரிடமிருந்து? பிறந்தது முதல் அவளுக்குக் காவல் இருந்தவர்களிடமிருந்து.

## தடுப்பின் மூன்று நிலைகள்

பொதுச் சுகாதாரத் துறையினர் தடுப்பை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். டெங்குவை வைத்து இதைச் சொல்வது எளிது.

1. மூன்றாம் நிலை: காய்ச்சல் வந்தவரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காப்பது. வன்முறையில் இதற்கு இணையானவை சிகிச்சை, வழக்கு, தண்டனை, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு வேண்டிய உதவிகளை ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையம்.

2. இரண்டாம் நிலை: ஒரு தெருவில் காய்ச்சல் தொடங்கியதும் புகை அடித்துப் பரவாமல் தடுப்பது. இங்கே, அடி தொடங்கிவிட்ட வீட்டில் அது முற்றாமல் நிறுத்துவது.

3. முதல் நிலை: மொட்டை மாடியில் கிடக்கும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்து, கொசு பிறக்கவே இடமில்லாமல் செய்வது. இங்கே, அடிப்பது சரி என்ற எண்ணம் பிறக்கும் இடங்களைக் கவிழ்ப்பது.

மூன்றாம் நிலைக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் மருத்துவமனையும் உண்டு. முதல் இரண்டு நிலைகளும் நடக்கும் இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் அடிக்காத ஆண்கள். "நான் கை வைத்ததில்லையே" என்றவருக்கான பதில் இங்கே இருக்கிறது. அவர் மேல் குற்றம் சாட்டப்படவில்லை. அவருக்கு மட்டுமே போக முடிந்த இடங்களில் அவரிடம் வேலை கேட்கப்படுகிறது.

## மூன்றாவது ஆண்

அடிப்பவன் ஒருவன், அடிபடுபவள் ஒருத்தி, இருவரையும் அறிந்த இன்னோர் ஆண் எப்போதும் பக்கத்தில் இருக்கிறான்.

செல்லூரில் காலை ஆறு மணி டீக்கடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்கிறார்: "ராத்திரி எதிர்த்துப் பேசினாள். ஒரு தட்டு தட்டினேன், அடங்கிவிட்டாள்." பெஞ்சில் நான்கு பேர். ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் "அவரவரை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும்" என்கிறார். ஒருவர் கிளாசுக்குள் பார்க்கிறார். நான்காமவர் காசைக் கொடுத்துவிட்டு நடக்கிறார். நால்வரில் யாரும் தன் வீட்டில் அடிப்பவராக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த அரை நிமிடத்தில் அடுத்த அடிக்கான அனுமதி வழங்கப்பட்டுவிட்டது.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: 'தட்டு'. பாயைத் தட்டலாம், கதவைத் தட்டலாம், குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கலாம். அடியை அந்தச் சொல் பொட்டலம் கட்டி மறைக்கிறது. நால்வரில் ஒருவர் "அடித்தாயா? எதற்கு அடித்தாய்?" என்று வினைச்சொல்லை மாற்றிக் கேட்டிருந்தால் பொட்டலம் அவிழ்ந்திருக்கும். உபதேசம் தேவையில்லை. சிரிக்காமல், அந்த ஒரு கேள்வி போதும்.

ஆண்களின் இயக்கமாக இது வளர்ந்த கதை கனடாவில் தொடங்குகிறது. 1989 டிசம்பர் 6 அன்று மாண்ட்ரியல் நகரின் பொறியியல் கல்லூரி ஒன்றில் புகுந்த ஒருவன், பெண்களைத் தனியே பிரித்துச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991இல், அந்நாட்டு ஆண்கள் சிலர் வெள்ளை ரிப்பன் அணியும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் உறுதிமொழியில் மூன்று பகுதிகள்: வன்முறை செய்யமாட்டேன், அதை ஏற்கமாட்டேன், அதைக் கண்டு மௌனமாக இருக்கமாட்டேன். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதுதான் டீக்கடையில் சோதிக்கப்படுவது.

இந்தியாவில் 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' பிரசாரம் இதை இன்னும் எளிமையாக்கியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் அழைப்பு மணியை அழுத்துங்கள், ஒரு கிண்ணம் பால் கேளுங்கள், அவ்வளவுதான் என்றது. உள்ளே நடப்பது வெளியே கேட்கிறது என்று தெரிந்தாலே கை இறங்குகிறது.

மதுரையின் காம்பவுண்டு வீடுகளில், ஒரு சுவரின் இரு பக்கமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்காமல் இருக்க வழியே இல்லை. அங்கே செய்யக்கூடியவை:

1. சத்தம் கேட்கும்போதே கதவைத் தட்டி, மோட்டார் சாவி கேளுங்கள். சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம். இடையில் ஓர் ஆள் வந்து நிற்பதே நோக்கம்.

2. முடிந்தால் ஒரு பெண்ணையும் கூட்டிச் செல்லுங்கள். தனியாகப் போகும் ஆணைக் காட்டி "அவனுக்கும் உனக்கும் என்ன?" என்று அவளையே பிறகு அடிப்பவர்கள் உண்டு.

3. மறுநாள், போதை தெளிந்த நேரத்தில், தனியிடத்தில் அவனிடம் பேசுங்கள். அவன் மதிக்கும் ஆள் பேசினால் நல்லது: கடை முதலாளி, ஆட்டோ ஸ்டாண்டு மூத்தவர், உடன் படித்தவன். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்தக் கோபம் வீட்டுக்குத்தான் போகும்.

4. அவளைக் கேட்காமல் அவளுக்காக எதையும் முடிவு செய்யாதீர்கள். என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

5. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112. பெண்களுக்கான உதவி எண் 181.

"நமக்கு எதற்கு வம்பு, நாளை கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும்" என்று அஞ்சுபவர்களுக்காகச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக அவர் மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது.

## சமாதானம் பேசுதல்

இப்போது பிறந்த வீட்டுக்கு வருவோம். உதவி கேட்கும் சிலரும் முதலில் வரும் இடம் அதுதான் என்று பார்த்தோம். வந்த பிறகு நடப்பது நமக்குத் தெரிந்த காட்சி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடத்தில் பாய் விரித்து உட்காருகிறார்கள். காபி வருகிறது. சித்தப்பா, மாமா, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவர். அடிபட்டவள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து முடிகிறது: "என்ன இருந்தாலும் சேர்ந்து வாழ வேண்டுமா, வேண்டாமா?" மாலையில் மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ அவளைப் பஸ் ஏற்றிவிட்டால் பஞ்சாயத்து வெற்றி. அன்றிரவு என்ன நடந்தது என்று யாரும் போன் செய்து கேட்பதில்லை.

அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். கெட்டவர்களும் இல்லை. குடும்பம் உடையக் கூடாது என்ற கவலையில் வந்தவர்கள். ஆனால் அடித்தவனுக்கு அங்கே கிடைக்கும் பாடம் ஒன்றே: அடித்தாலும் ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தச் சட்டமும் தராத தைரியத்தை அந்தப் பாய் தருகிறது.

அதே பாயில், அதே ஆண்கள், வேறு விதமாகவும் நடந்துகொள்ளலாம். அவளைக் கதவுக்குப் பின்னாலிருந்து அழைத்துச் சமமாக உட்கார வைத்து முதலில் பேச விடலாம். செலவு, தனிக்குடித்தனம், மாமியார் பேச்சு எல்லாம் பேசித் தீர்ப்பவை. அடி பேசித் தீர்ப்பதல்ல என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். திரும்பிப் போகும் நாளை அவளே சொல்லட்டும் என்று விடலாம். போனால், அடுத்த வாரமும் அடுத்த மாதமும் நேரில் போய் அவளிடம் தனியாகக் கேட்கலாம்.

இந்தப் பகுதியில் இதைச் சொல்லும் தகுதி ஒருவருக்கு எல்லோரையும்விட அதிகம். அவர் தாய்மாமன். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவர், சடங்குக்குச் சீர் சுமந்து வந்தவர். "பிள்ளை இங்கேயே இருக்கட்டும், அவளுக்கு எப்போது போகத் தோன்றுகிறதோ அப்போது போவாள்" என்று தாய்மாமன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சீர்த்தட்டில் அடுக்கிய எந்தப் பொருளையும்விட அந்தச் சொல் அவளுக்குப் பயன்படும்.

அவரே கவனிக்க வேண்டிய இன்னொன்று குழந்தைத் திருமணம். உறவு விட்டுப்போகக் கூடாது என்று 18 நிறையாத பெண்ணை உறவுக்குள் கட்டி வைப்பது இன்னும் நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில், மணமகனோடு, நடத்திவைப்பவர், அனுமதித்தவர், அதில் கலந்துகொண்டவர் வரை தண்டனை நீளும். 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. பொறுப்பு யார் தலையில் என்பதைச் சட்டம் தெளிவாகவே வைத்திருக்கிறது.

## 'பொய் வழக்கு' என்ற அச்சம்

ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் எதிர்க்கேள்வி இது. இரண்டு வெவ்வேறு சட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் பாதி அச்சம் பிறக்கிறது.

1. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் சிவில் தீர்வு தருவது. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று நீதித்துறை நடுவர் உத்தரவிடுவார். மனு போட்டதற்காக யாரையும் கைது செய்வதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. கணவன் அல்லது அவன் உறவினர் செய்யும் கொடுமைக்கான குற்றப்பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்ட 498ஏ. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை. இதிலும் புகார் வந்தவுடன் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் கட்டளையிட்டிருக்கிறது.

தவறான புகார்களே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்தச் சட்டத்திலும் உண்டு. ஆனால் 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்காத நாட்டில், பெண்கள் அதிகம் புகார் செய்கிறார்கள் என்பதை நம் முதல் கவலையாக வைத்துக்கொள்வது நியாயமல்ல.

## பஸ், வேலையிடம், விளையாட்டுத் திடல்

வீட்டுக்கு வெளியே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் விதிகள் தெளிவாக இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது போன்று பெண்களுக்குத் தொல்லை தரும் ஆண் பயணியை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு இடம் தரும் வகையில் மோட்டார் வாகன விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. அந்த நேரத்தில் நடத்துநருக்குத் தேவை, "வண்டியை நிறுத்துங்கள்" என்று உடன் நிற்கும் இரண்டு ஆண் பயணிகள்.

வேலையிடத்தில், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு 2013 முதல் கட்டாயம். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடையிலும் பூ மார்க்கெட்டிலும் நாலைந்து பேரோடு வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். இது அந்தப் பெண்களுக்கு மட்டுமல்ல, கடை முதலாளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பையன்களைப் பொறுத்தவரை, தந்தையைவிடப் பயிற்சியாளரின் சொல் ஆழமாக இறங்கும் வயது ஒன்று இருக்கிறது. மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற திட்டம் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டே சிறுவர்களிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேச வைத்தது. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் கபடி மாஸ்டர். "பொம்பளையைப்போல ஆடாதே" என்று திடலில் அவர் ஒருமுறை கத்துவதைப் பதின்மூன்று வயதுப் பையன் பல ஆண்டு சுமப்பான். அதை அவர் நிறுத்தினாலே ஒரு டயர் கவிழ்ந்தது.

## விடுதலைப் பத்திரம்

கடைசியாகச் சொல்வது வன்முறையோடு சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமானதாகப் படுகிறது.

அடிபட்ட பிறகும் அவள் ஏன் திரும்பிப் போகிறாள்? போக வேறு இடமில்லை. பொருளியலாளர்கள் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ சொந்தமாக இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக உள்ளவர்களில் 7 சதவீதம். அவள் எழுந்து போக முடியும் என்று தெரிந்த வீட்டில் கை ஓங்குவதில்லை.

அந்தச் சொத்து அவளுக்கு எங்கிருந்து வரும்? பிறந்த வீட்டிலிருந்து. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. தந்தை உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததல்ல, பிறப்பால் வரும் உரிமை அது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் சட்டத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

சட்டம் தந்ததை எடுத்துக்கொள்ளும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அப்பா இறந்து சில மாதங்களில் அண்ணன் தம்பிகள் போன் செய்கிறார்கள்: "ஒரு கையெழுத்துப் போட வேண்டும், வந்துவிட்டுப் போ." அவள் பஸ் பிடித்து வருகிறாள். பத்திரம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பங்கை அவள் விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, பெருவிரல் ரேகை, ஒரு போட்டோ. வெளியே வந்ததும் ஹோட்டலில் நல்ல சாப்பாடு. கையில் ஒரு பட்டுச்சேலைப் பை. "பிறந்த வீட்டு உறவு வேண்டுமே" என்று அவள் போட்ட கையெழுத்து அது. அதே பெண் பின்னொரு நாள் அடிபட்டு, பையோடு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அது அண்ணன் வீடு. அவள் விருந்தாளி. விருந்தாளியை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்ற பேச்சு தொடங்குகிறது. மறுபடியும் பாய் விரிக்கப்படுகிறது.

அண்ணன் தம்பிகள் இதில் செய்ய வேண்டியது பெரிய தியாகம் அல்ல. வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, சொத்து விவரத்தில் அவள் பங்கின் அளவையும் எல்லையையும் சேர்த்துப் பதிய வேண்டும். பிறகு தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, அளந்து கல் ஊன்றி, அவள் பெயரில் தனிப் பட்டா வாங்க வேண்டும். பட்டாவை அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் கணவன் கையில் அல்ல.